ஒன்பதாம் நாள் ஓய்வு

படுத்திருக்கிறேன். மல்லாந்து படுத்து, கைகளை உடம்பிலிருந்து சற்றே விலக்கி வைத்து, நெற்றியைத் தளர்த்தி, நின்றுபோன மின்விசிறியின் மூன்று இறக்கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தால் அதற்குப் பெயர் ஓய்வு. இதையே சென்ற மாதம் செய்தபோது அதற்குப் பெயர் சோம்பல். இடையில் மாறியது ஒன்றே ஒன்றுதான்: சென்ற மாதம் யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் படுத்தேன், இப்போது, ‘பதினைந்து நாள் விடுமுறை, புத்துணர்வோடு திரும்புவேன்’ என்று வலைப்பூவின் நெற்றியில் எழுதி ஒட்டிவிட்டுப் படுத்திருக்கிறேன். புத்துணர்வு. பற்பசை விற்பவர்கள் பயன்படுத்தும் சொல். அதை எழுதும்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். மணி இரண்டு பத்து. மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை ஒன்பதுக்கே மின்சாரத்தை நிறுத்திவிட்டார்கள். ஐந்து மணிக்குத்தான் வருமாம். சித்திரை வெயில் மொட்டைமாடித் தளத்தின் வழியே மெல்ல இறங்கி, என் முகத்துக்கு ஆறடி மேலே வந்து நின்றுகொண்டிருக்கிறது. ஜன்னலுக்கு வெளியே வேப்பமரம். ‘ஒரு மரத்தைத் தினமும் அரைமணி நேரம் பாருங்கள், மனம் துளிர்க்கும்’ என்று நான்கு ஆண்டுகளுக்கு முன்பு நானே எழுதியிருக்கிறேன். படைப்பாளி இளைப்பாற ஏழு வழிகள் என்று ஒரு பதிவு. குக்கர் மூன்று விசில் விடுவதற்குள் எழுதி முடித்தது. என் பதிவுகளிலேயே அதிகம் படிக்கப்பட்டது அதுதான். வெறுங்காலில் நடங்கள், பறவை ஒலி கேளுங்கள், வெந்நீரில் பாதங்களை வையுங்கள். அந்த ஏழில் ஒன்றைக்கூட நான் அதுவரை செய்து பார்த்ததில்லை. இப்போது ஒன்பது நாளாக ஏழையும் செய்கிறேன். வேப்பமரம் வேப்பமரமாக இருக்கிறது. தாவரவியல் படித்தவளுக்கு அதில் புதிதாகத் தெரிய வேண்டியது ஒன்றும் இல்லை; கூட்டிலை, ரம்பப்பல் ஓரம், சாய்ந்த அடி. ஒரு காகம் வந்து உட்காருகிறது, என்னைப் பார்க்கிறது, பிழைக்க வழி தெரியாதவள் என்று முடிவு செய்து பறந்துபோகிறது.

பதினோரு ஆண்டுகள், செவ்வாய் ஒன்று, வெள்ளி ஒன்று, மாலை நான்கு மணிக்கு. பிரசவ வார்டில் தங்கைக்குத் துணையிருந்தபோதுகூடத் தவறவில்லை. ‘எதிர்வெயில்’ என்று வலைப்பூவுக்குப் பெயர் வைத்தபோது எனக்கு முப்பத்திரண்டு வயது. கல்லூரியில் செடிகொடி நடத்திவிட்டு வந்து, மனிதர்களைப் பற்றி எழுதுவேன். கூசாமல் எழுதுவேன். அங்கயற்கண்ணியின் நாக்கு அரிவாள்மணை என்று துறைத்தலைவர் சொன்னதை அடுத்த வெள்ளிக்கிழமையே தலைப்பாக்கினேன். அப்படி இருந்தவளுக்கு மாசி மாதத்திலிருந்து ஒரு வாக்கியம் நிற்கவில்லை. தொடங்கும், எழுவாய் வரும், பயனிலை வருவதற்குள் உயிர் போய்விடும். ஒருநாள் பல்லைக் கடித்துக்கொண்டு கல்யாண வீட்டுப் பந்தியைப் பற்றி எழுதி வெளியிட்டேன். பத்தாம் நிமிடம் ஒரு வாசகி, மிகுந்த பணிவோடு, ‘அக்கா, இதை ஏற்கெனவே எழுதிவிட்டீர்கள்’ என்று ஐந்து வருடப் பழைய பதிவின் சுட்டியைக் கீழே ஒட்டியிருந்தாள். திறந்து பார்த்தேன். உவமைகூட அதே உவமை. பழையது இதைவிட நன்றாக இருந்தது. அன்று சமையலறை மேடையைப் பிடித்துக்கொண்டு நின்ற என்னைப் பார்த்துத்தான் சோலை சொன்னான், “கிணத்துல ஊத்து நின்னா ரெண்டு நாள் இறைக்காம விடணும் கண்ணி. நீ வாளியப் போட்டு அடிச்சிக்கிட்டே இருக்க. சகதிதான வரும்?” என் கணவன் சோலைமலை பாலிடெக்னிக்கில் பட்டறைப் பயிற்றுநர். இரும்பைத் தவிர வேறொன்றைப் பற்றி அவன் உவமை சொன்னது அதுதான் முதல் தடவை, அதனாலேயே ஒப்புக்கொண்டேன். ஒப்புக்கொண்டதோடு நிற்கவில்லை, அதுதான் என் குணம், எதையும் மிகையாகச் செய்வது. என் போனை எடுத்து அவன் கையில் கொடுத்து, “பதினஞ்சு நாளும் இது உன் பையிலயே இருக்கணும். லேப்டாப் பீரோவுக்குள்ள, சாவி உங்கிட்ட. நான் என்ன காரணம் சொன்னாலும் குடுக்கக் கூடாது. அழுதாலும் குடுக்காத. கதை விடுவேன், நம்பாத” என்றேன். “நீ கதை விடுவங்கறது எனக்குத் தெரியாதாக்கும்” என்று சிரித்தான்.

செவ்வாய். இன்று செவ்வாய். அந்தச் சொல் எங்கிருந்தோ வந்து விலாவில் இடிக்கிறது, ஏன் இடிக்கிறது என்று தெரியவில்லை. செவ்வாய் என்றால் பதிவு. பதிவுக்குக் கவலையில்லை, பழைய வரைவுகள் நான்கைத் தேதியும் நேரமும் குறித்து வைத்துவிட்டுத்தான் வந்திருக்கிறேன். யாரும் தொடாமலேயே வரும். இப்படிச் செய்வது எல்லா வலைப்பதிவருக்கும் பழக்கம், ஊருக்குப் போகிறவர்கள் பக்கத்து வீட்டில் பூனைக்குப் பால் சொல்லிவிட்டுப் போவதுபோல. போன செவ்வாய், பேருந்தில் கைக்குழந்தையை முன்பின் தெரியாதவர் மடியில் கொடுப்பது பற்றி. வெள்ளி, வளைகாப்புக்கு அழைக்கப்படாத பெண்களைப் பற்றி. இன்று மூன்றாவது. இன்று நான்கு மணிக்கு மூன்றாவது. மூன்றாவது என்ன? கண்ணை மூடினால் அந்த மாலை தெரிகிறது, விடுமுறைக்கு முந்தைய ஞாயிறு, சோலை பீரோச் சாவியைச் சுழற்றிக்கொண்டு பக்கத்தில் நிற்கிறான், “இன்னும் எவ்வளவு நேரம்?”, “இருப்பா, ரெண்டு நிமிஷம்”, வரைவுகளின் பட்டியல் கீழே கீழே போகிறது, எதையும் திறந்து படிக்கக் கூடாது என்று எனக்கு நானே சபதம், படித்தால் திருத்தத் தோன்றும், திருத்தினால் ஓய்வு கெட்டது, அதனால் தலைப்பை மட்டும் பார்த்துப் பார்த்து, இது, இது, பிறகு இது. ‘தண்ணீர்’. மூன்றாவது ‘தண்ணீர்’. எழுந்து உட்கார்ந்துவிட்டேன். ஏனென்றால் அந்தப் பட்டியலில் ‘தண்ணீர்’ என்ற தலைப்பில் இரண்டு வரைவுகள் இருக்கின்றன.

ஒன்றில் பெயர்கள் மாற்றப்பட்டிருக்கின்றன. மற்றதில் இல்லை. சேலத்துப் பெண் ஒருத்தி, மாமியார், முற்றத்துக் கயிற்றுக்கட்டில், அது இரண்டாவது. முதலாவதில் உசிலம்பட்டி, என் மாமனார், சோலை. முதலாவதில் சோலை சோலையாகவே இருக்கிறான். மூன்று வருடங்களுக்கு முன்பு நாங்கள் இராமேசுவரம் போன பேருந்து பரமக்குடியில் நின்றுவிட்டது. தேரோ சப்பரமோ, சாலையை அடைத்துவிட்டார்கள். ஒருமணி நேரம் அசையவில்லை. நல்ல பகல். முன் இருக்கையில் ஒரு கிழவர் பாட்டிலைத் தலைகீழாகக் கவிழ்த்து, ஒரு சொட்டும் இல்லாமல் திரும்ப மூடினார். சோலை தன் பாட்டிலை அவரிடம் நீட்டினான். அவர் குடித்து முடிக்கும்வரை அவர் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, என் முகத்தைப் பார்க்காமல், “அன்னிக்கு நான் தூங்கல கண்ணி” என்றான். எந்த அன்றைக்கு என்று நான் கேட்கவில்லை. பதினேழு வருட மணவாழ்வில் அவன் ‘அன்னிக்கு’ என்றால் அது அவன் அப்பா இறந்த நாள். வாதம் வந்து இரண்டு வருடம் படுத்திருந்தவர். மலம் அள்ளியது, குளிப்பாட்டியது, சோறு ஊட்டியது எல்லாம் அவன் அக்கா பேச்சியம்மாள். ஒரே ஒரு நாள் அக்கா ஒரு கல்யாணத்துக்குப் போக, இருபத்திரண்டு வயதுச் சோலை காவல் இருந்தான். காலையிலிருந்து இருபது தடவை எழுப்பியிருக்கிறார். புரட்டிப் போடு, விசிறு, ஈ. மத்தியானம் பெஞ்சில் சாய்ந்தான். “தண்ணின்னாரு. முழிச்சுத்தான் இருந்தேன். பத்து நிமிஷம் கழிச்சுக் குடுத்துக்கலாம்னு கண்ணத் தொறக்கல. ரெண்டு தடவை கூப்பிட்டாரு. அப்புறம் கூப்பிடல. தூங்கிட்டாருன்னு நெனச்சேன்.” அவ்வளவுதான் சொன்னான். சாயங்காலம் திரும்பி வந்த அக்காதான் தொட்டுப் பார்த்திருக்கிறாள். அன்றிலிருந்து இன்றுவரை, கல்யாணம் காதுகுத்து எங்கே கூடினாலும், பேச்சியம்மாள் சொல்லும் ஒரே ஆறுதல், “எங்கப்பா கொடுத்து வச்ச மனுசன், தூக்கத்துலயே போயிட்டாரு. கடைசி நிமிசம்வரைக்கும் தம்பி பக்கத்துலயே இருந்தான்.” அதைச் சொல்லும்போது அவள் சோலையின் தோளைத் தொடுவாள். அவன் தரையைப் பார்ப்பான். கூச்சம் என்று நான் நினைத்திருந்தேன்.

நான் அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். பிடித்துக்கொண்டேன், அது பொய்யில்லை, கண்ணும் நிறைந்தது. ஆனால் பேருந்து நகர்வதற்கு முன்பே முதல் வாக்கியம் எனக்குள் வந்து உட்கார்ந்துவிட்டது, அதுவும் பொய்யில்லை. ஊர் திரும்பி, அவன் குளிக்கப் போன நேரத்தில், நாற்பது நிமிடத்தில் எழுதினேன். அவன் நெடுநேரம் குளித்தான். எழுதி முடித்துப் படித்தபோது எனக்கு வந்தது குற்ற உணர்வு அன்று, மகிழ்ச்சி. குற்ற உணர்வு பிறகுதான் வந்தது. ஒரு வாரம் கழித்து அதை நகலெடுத்து, தலைப்பை மட்டும் விட்டுவிட்டு, உசிலம்பட்டியைச் சேலமாக்கி, மகனை மருமகளாக்கி, வீட்டை மாற்றி, கண்ணியமான ஒரு பிணத்தைத் தயாரித்தேன். இரண்டையும் வெளியிடவில்லை. இரண்டாவதைச் செத்துப்போனதால் வெளியிடவில்லை. முதலாவதை அழித்திருக்க வேண்டும். அழிக்கவில்லை. ஏன் அழிக்கவில்லை என்ற கேள்விக்கு இந்த ஒன்பது நாளில் நல்ல பதில் ஒன்று தயாரித்திருக்கலாம், நேரம் இருந்தது, வேப்பமரத்தைப் பார்த்துத் தொலைத்தேன்.

நிதானமாக யோசிக்க வேண்டும். பட்டியலில் கடைசியாகத் திருத்தியது மேலே நிற்கும். இரண்டாவதைத்தான் பின்னால் எழுதினேன், அதனால் இரண்டாவது மேலே. நான் மேலே இருந்ததைத்தான் சொடுக்கினேன். கீழே இருப்பதைத் தேர்ந்தெடுக்க எனக்குக் காரணம் இல்லை. ஆகவே சேலம். ஆகவே கவலையில்லை, படு. படுக்கிறேன். தலையணை நனைந்திருக்கிறது, திருப்பிப் போடுகிறேன், அந்தப் பக்கமும் நனைந்திருக்கிறது. ஆனால் போன வருடம் ஒருநாள் முதலாவதைத் திறந்தேன். படிக்கத்தான் திறந்தேன். அவ்வப்போது திறப்பேன், நகைப்பெட்டியைத் திறந்து பார்ப்பதுபோல. அன்று ஒரு காற்புள்ளியை எடுத்தேனா? ‘பெஞ்சின் விளிம்பில், ஓர் ஈ’ என்று இருந்தது, அந்தக் காற்புள்ளி வேண்டாம் என்று தோன்றியது நன்றாக நினைவிருக்கிறது, எடுத்தது நினைவில்லை. எடுத்திருந்தால் முதலாவது மேலே ஏறியிருக்கும். தோன்றியதற்கும் எடுத்ததற்கும் நடுவே என் குடும்பம் தொங்குகிறது. காற்புள்ளியைப் பார்த்துவிட்டு எடுக்காமல் விடுகிறவளா நான்? மாணவர்களின் விடுப்புக் கடிதத்திலேயே சந்திப்பிழை திருத்துகிறவள். எடுத்திருப்பேன். எடுத்துவிட்டேன். ஆகவே உசிலம்பட்டி. ஆகவே நான்கு மணிக்கு, இந்தத் தெருவில் ஒரு விளக்குகூட எரியாத நேரத்தில், எந்த ஊர் என்றே எனக்குத் தெரியாத ஏதோ குளிரூட்டிய அறையிலிருந்து, அது தானாக வெளியே போகும். நான்கு ஐந்துக்குப் பேச்சியம்மாள் படிப்பாள். என் பதிவு ஒன்றையும் அவள் விட்டதில்லை. பத்தாவதுவரை படித்தவள், எழுத்துக்கூட்டி, சத்தமாக, தறிக்காரர் வீட்டு மருமகளையும் உட்காரவைத்துப் படிப்பாள். படித்த கையோடு ‘சொந்தபந்தம்’ வாட்ஸ்அப் குழுவில் போட்டு, கீழே, ‘எங்க வீட்டு எழுத்தாளி’ என்று எழுதுவாள். அறுபத்தேழு பேர் இருக்கும் குழு.

மணி இரண்டு நாற்பது. எதிர் வீட்டு ரமீசா அக்காவிடம் போன் இருக்கிறது. எழுந்து, புடவைத் தலைப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, கதவைத் தட்டினேன். ரவிக்கைத் துணியில் சுண்ணக்கட்டியால் கோடு போட்டுக்கொண்டிருந்த கையோடே வந்தார். “என்னம்மா கண்ணி, நீ விரதம்ல இருக்க? சோலைத் தம்பி எங்கிட்டயும் சொல்லிட்டுத்தான் போயிருக்கு, கேட்டா குடுக்காதீங்க அக்கான்னு.” “பேசத்தான் அக்கா. அவருகிட்டத்தான் பேசணும்.” “அப்பச் சரி. புருசன்கிட்டப் பேசுறதுக்கு எதிர்வீட்டுப் போனு. நல்லா எடுக்குறீங்கம்மா ரெஸ்ட்டு.” என் வலைப்பூவை இந்தப் போனிலேயே திறக்கலாமே என்று ஒரு கணம் தோன்றியது, திறக்க முடியாது, கடவுச்சொல்லை மனப்பாடமாக வைத்திருக்கும் காலம் மலையேறிவிட்டது, புதிய போனில் நுழைந்தால் என் போனுக்கு ஓர் எண் வரும், என் போன் சோலையின் பையில். அடித்தேன். வேறொருவருடன் பேசிக்கொண்டிருந்தான். மறுபடி அடித்தேன், மறுபடி பேசிக்கொண்டிருந்தான். வேலை நேரத்தில் யாரிடமும் பேசாதவன். ஐந்தாம் தடவை எடுத்தான்.

“சோலை, நான்தான். என் போன எடு. அவசரம்.” “எதுக்கு?” என்றான். “ஒரு பதிவ நிப்பாட்டணும். நாலு மணிக்கு வரப்போறது. தப்பானத வச்சிட்டேன்.” “எது தப்பு?” என்றான். அங்கேதான் நின்றேன். எது தப்பு என்று சொன்னால் அவன் அதைத் திறக்க வேண்டும்; திறந்தால் தலைப்பு, தலைப்பின் கீழே முதல் வரி, முதல் வரியில் அவன். நிறுத்துவதற்கு அவன் படிக்க வேண்டும். படிப்பதைத் தடுக்கத்தானே நிறுத்தச் சொல்கிறேன். அதுவுமில்லாமல் ஒருவேளை சேலமாக இருந்தால்? எதிரியே இல்லாத இடத்தில் கோட்டையைத் திறந்துவிட்டவள் ஆவேன். “பிழை நெறைய இருக்கு” என்றேன். பதினோரு ஆண்டுகள் கூசாமல் எழுதியவள் சொன்ன காரணம். “கதை விடுவேன், நம்பாதன்னு சொன்னது நீ” என்றான். சிரிப்பான் என்று காத்திருந்தேன், சிரிக்கவில்லை. வெயிலில் களைத்த குரல். பின்னால் கடைசல் இயந்திரத்தின் சத்தமே இல்லை, ஒரு கோழி கொக்கரித்தது. பட்டறையிலும் மின்தடை போலிருக்கிறது, பாலிடெக்னிக் ஊருக்கு வெளியேதானே இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். “எது வந்தா என்ன கண்ணி. நீ போய்ப் படு. ராத்திரி பேசிக்கலாம்.” வைத்துவிட்டான். ரமீசா அக்கா ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டே, “சாப்பிட்டாராமா?” என்று கேட்டார். கேட்கவில்லை. நான் அதைக் கேட்கவேயில்லை.

மூன்று மணி. படுத்திருக்கிறேன். இதுவும் ஓய்வு. பீரோவை உடைக்கலாம், உடைத்து, ஆறு சதவீதம் மின்னேற்றம் உள்ள மடிக்கணினியை எடுத்து, இணையமே இல்லாத வீட்டில் அதைக் கட்டிக்கொண்டு அழலாம். பேருந்து பிடித்துப் பாலிடெக்னிக்குக்குப் போகலாம். இரண்டு பேருந்து, ஒன்றேகால் மணி நேரம், நான்கு இருபதுக்கு அவன் முன்னால் வியர்த்து நிற்கலாம். உசிலம்பட்டிக்குப் போன் செய்து, மதினி, இன்றைக்கு மட்டும் படிக்காதீர்கள் என்று சொல்லலாம். வேறு வினையே வேண்டாம். எல்லா வழியும் ஒரு சுற்று சுற்றிவிட்டு இதே கட்டிலில் கொண்டுவந்து விடுகிறது. கைவிரல்களைப் பார்க்கிறேன். நேற்று சோலை எத்தனை மணிக்கு வந்தான்? இருட்டிய பிறகு. யாருக்கோ பணி ஓய்வு விழா என்றான். இரண்டு இட்லி சாப்பிட்டான், சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தான். அது நேற்றா, முந்தாநாளா? ஞாயிறு ஆட்டுக்கறி. அதன் பிறகு ரசம், வேப்பமரம், தூக்கம். ரசம், வேப்பமரம், தூக்கம். நாட்களுக்கு முகம் இல்லாமல் போயிற்று, அதைத்தான் நான் பதிவில் வரமாகப் பரிந்துரைத்திருந்தேன், ‘கிழமை மறக்கும் அளவுக்கு இளைப்பாறுங்கள்’.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும், யாரும் கேட்கவில்லை என்றாலும். இந்த ஒரு மணி நேரத்தில் ஒவ்வொரு தடவை உசிலம்பட்டி வரைவுதான் என்று முடிவாகும்போதும், அச்சத்துக்கு அடியில், மிக அடியில், ஓர் ஈரம் கசிகிறது. அதைப் படிப்பார்கள். பந்தியைப் பற்றி அரைத்த மாவை அரைத்தவள் என்று நினைத்துக்கொண்டிருக்கும் எல்லோரும் அதைப் படிப்பார்கள். அந்த வாசகி சுட்டி ஒட்ட முடியாது. நான் எழுதியதிலேயே நல்லது அதுதான், அது எனக்குத் தெரியும், மூன்று வருடமாகத் தெரியும். சொடுக்கும்போது விரலுக்கும் தெரிந்திருக்குமோ? படிக்கக் கூடாது என்று சபதம் எடுத்ததே, பார்த்துவிட்டால் தப்பானதைத் தேர்ந்தெடுக்க முடியாமல் போகும் என்பதற்காகத்தானோ? இல்லை. இது எழுத்தாளர்கள் தங்களை ஆழமானவர்களாகக் காட்டிக்கொள்ளச் சொல்லும் பேச்சு. நான் அவசரத்தில் தவறு செய்தேன், அவ்வளவே. ஆனால் அவ்வளவே என்று சொல்லும்போது குரல் உடைகிறது, மனத்துக்குள்ளும் குரல் உடையும் என்பது இன்றுதான் தெரிகிறது. பேச்சியம்மாளின் கை தெரிகிறது, தம்பியின் தோளைத் தொடும் கை. பாத்திரம் தேய்த்துத் தேய்த்து நகம் மழுங்கிய விரல்கள். இரண்டு வருடம் அவள் அள்ளினாள். அவளுக்குக் கிடைத்த கூலி அந்த ஒரு வாக்கியம். என் நல்ல வாக்கியங்களுக்காக அவளுடைய ஒரே வாக்கியத்தை எடுத்துக்கொள்ளப் போகிறேன். மணி மூன்று இருபத்தைந்து. சொல்லிவிடலாம். அவனிடம் சொல்லிவிடலாம். அவன் ஒருவன் படித்தால் ஒருவனோடு போகும். கால்கள் எனக்கு முன்னால் எழுந்துவிட்டன.

ரமீசா அக்கா ஒன்றும் கேட்காமல் போனை நீட்டினார். என் முகம் அப்படி இருந்திருக்க வேண்டும். இந்தத் தடவை முதல் மணியிலேயே எடுத்தான்.

“சோலை, வச்சிராத. நான் சொல்லி முடிக்கிறவரைக்கும் பேசாத. மூணு வருசத்துக்கு முன்னாடி பரமக்குடியில நீ சொன்னியே, அத நான் எழுதி வச்சிருந்தேன். பேரெல்லாம் போட்டு. வெளியிடுறதுக்கு இல்ல. சும்மா. சும்மா இல்ல, எழுதணும்னு இருந்துச்சு, எழுதினேன். அது இன்னைக்கு நாலு மணிக்கு வந்துரும்னு நெனைக்கிறேன். என் போன எடு, வரைவுல ‘தண்ணீர்’னு இருக்கும், படிக்காம அழிச்சிரு. படிச்சாலும் பரவாயில்ல, அழிச்சிரு. இன்னும் அரைமணி நேரம் இருக்கு.”

எங்கோ ஒரு மினிபஸ் ஒலிப்பான் அடித்துக்கொண்டு கடந்தது.

“கண்ணி, இன்னைக்குப் புதன்” என்றான்.

எனக்குப் புரியவில்லை. புதன் என்ற சொல்லை அதுவரை கேட்டிராதவள்போல நின்றேன்.

“நேத்தே வந்துருச்சு. நாலு மணிக்கு. அஞ்சு மணிக்குத்தான் நான் பாத்தேன். பாத்ததும் உன் போன்ல இருந்து எடுத்துட்டேன். அதுக்குள்ள அக்கா குரூப்ல போட்டுருச்சு. படிக்காமயே போட்டுருக்கு, எப்பவும்போல. போட்டுட்டுத்தான் படிச்சிருக்கு.”

“நீ எங்க இருக்க?”

“அக்கா வீட்டு வாசல்ல. காலையில இருந்து இங்கதான் இருக்கேன். கதவத் தெறக்கல. உள்ள நடமாடுற சத்தம் கேக்குது. மாமாதான் ஜன்னல் வழியா ஒரு சொம்பு மோர் குடுத்தாரு.”

“எங்கிட்ட ஏன் சொல்லல? நேத்தே ஏன் சொல்லல?”

“நீ ரெஸ்ட்ல இருக்க. பதினஞ்சு நாள்னு சொல்லிருக்க. இன்னும் அஞ்சு நாள் இருக்குல்ல.” அவன் இதைக் குத்தலாகச் சொல்லவில்லை. குத்தலாகச் சொல்லியிருந்தால் எனக்குப் பதில் சொல்லத் தெரியும்; என் வாழ்க்கை முழுவதும் அதற்கான பயிற்சிதான். அவன், பட்டறையில் ஒரு கம்பியின் அளவைச் சொல்வதுபோல், உள்ளதைச் சொன்னான்.

“சோலை.”

“ம்.”

ரமீசா அக்கா கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“நேத்திலிருந்து எத்தனையோ தடவை படிச்சிட்டேன்” என்றான். “நல்லாத்தான் எழுதியிருக்க. ஒண்ணு மட்டும் கேக்கணும் கண்ணி. அப்பா மூணு தடவை கூப்பிட்டாருன்னு எழுதியிருக்க. மூணாவது தடவை என் பேரச் சொல்லிக் கூப்பிட்டாருன்னு. நான் உங்கிட்ட ரெண்டுன்னுதான் சொன்னேன். மூணாவத நான் யாருகிட்டயும் சொன்னதில்ல. உனக்கு எப்படித் தெரிஞ்சுச்சு?”

இரண்டு போதவில்லை. இரண்டோடு நிறுத்தினால் வாக்கியம் நொண்டியது. மூன்றாவது ஒன்று வேண்டியிருந்தது, அது சற்று நீளமாகவும் இருக்க வேண்டியிருந்தது, அதனால் ஒரு பெயரைச் சேர்த்தேன். காதில் வைத்த போன் சுட்டது. அவன் உசிலம்பட்டியில், சாத்திய கதவின் முன்னால், என் பதிலுக்காகப் பொறுமையாகக் காத்துக்கொண்டிருந்தான்.